ஆற்றுக்கு மேலே உலோகச் சுரங்கம்: எதிர்க்கும் ஊர் எதில் தொடங்க வேண்டும்

சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊரில் முதலில் நடப்பது கூட்டமும் கையெழுத்து வாங்குவதும். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அதே வாரத்தில் தொடங்க வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. ஆறும் கிணறுகளும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று அளந்து எழுதி வைப்பது. பெரும்பாலான ஊர்களுக்கு இது ஓராண்டு கழித்துத்தான் நினைவுக்கு வருகிறது.

தாது கிடக்கும் இடத்தில் சுரங்கம் இல்லாமலே பாறையிலிருந்து கொஞ்சம் உலோகம் தண்ணீரில் கசியும். பின்னாளில் ஆற்றில் செம்போ ஆர்செனிக்கோ கூடினால் 'இது இயற்கையாகவே இருந்தது' என்று நிறுவனம் சொல்லும். அதை மறுக்க ஊரிடம் ஒரு தாளும் இருக்காது. அடிநிலைத் தரவு என்பது அந்தத் தாள். சுரங்கம் திறந்த பிறகு அதை எவராலும் தயாரிக்க முடியாது.

முதலில் வரைபடம்

சுரங்கத்துக்குக் குத்தகை கேட்கும் பகுதியின் எல்லைப் புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகையோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓடைகள், ஊற்றுகள், கிணறுகள், குடிநீர் எடுக்கும் இடங்கள், மீன் பிடிக்கும் மடுக்கள் எல்லாவற்றையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். பிறகு நிறுவனத்திடம் நான்கு இடங்களைக் கேளுங்கள். குழி எங்கே? பாறைக் கழிவை எங்கே குவிப்பீர்கள்? டெய்லிங்ஸ் என்று அறிக்கைகளில் வரும் அரைத்த கழிவுச் சேற்றை எங்கே தேக்குவீர்கள்? ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆற்றுக்கு ஆபத்து பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது.

காரணம் எளிய கணக்கு. 0.5 சதவீதம் செம்பு உள்ள தாதுவில் ஒரு டன்னை அரைத்தால் அதிகபட்சம் 5 கிலோ செம்பு. மீதி 995 கிலோவும் சேறாக எங்காவது நிரந்தரமாகக் கிடக்க வேண்டும். தங்கம் டன்னுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில்கூட எடுக்கப்படுகிறது, அப்போது ஏறக்குறைய முழு டன்னும் கழிவுதான். தாதுவின் மேல் கிடக்கும் பாறையை வெட்டி ஒதுக்குவது இதில் சேரவில்லை.

நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால், ஊர்க்கூட்டத்தில் சொல்லாத விவரங்கள் முதலீட்டாளர்களுக்கான ஆவணங்களில் இருக்கும். கனடாவில் என்ஐ 43-101 என்ற விதிப்படியும் ஆஸ்திரேலியாவில் ஜோர்க் விதிப்படியும் வெளியிடும் அறிக்கைகள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கும். தாதுவின் தரம், ஆண்டுக்கு எத்தனை டன், எத்தனை ஆண்டு, சேற்றுத் தேக்கத்தின் கொள்ளளவு ஆகியவற்றை அங்கே தேடுங்கள். ஊரில் 'சின்ன சுரங்கம், பத்து ஆண்டு' என்று சொல்லிவிட்டு முதலீட்டாளரிடம் விரிவாக்கத் திட்டம் காட்டியிருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்தாலே போதும்.

துளையிட்டுத் தேடும் கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் சிறு நிறுவனம். தாது இருப்பதைக் காட்டிப் பெரிய நிறுவனத்துக்கு விற்பதுதான் அதன் தொழில். ஊரின் எதிர்ப்பு எழுத்தில் பதிவானால் வாங்க வருபவர் அதையும் பார்ப்பார். அதனால் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சுற்றுச்சூழல் அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பாறை எப்படிப் புளிக்கிறது

எதை அளக்க வேண்டும் என்று புரிய இது தெரிய வேண்டும். செம்பு, துத்தநாகம், ஈயம், நிக்கல், பல இடங்களில் தங்கமும்கூட, சல்பைடு கனிமங்களோடு கலந்து கிடக்கின்றன. பைரைட் என்ற இரும்பு சல்பைடு பெரும்பாலும் கூடவே வரும். பூமிக்குள் காற்றுப் படாதவரை அது சும்மா கிடக்கிறது. உடைத்து வெளியே போட்டால் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. சில பாக்டீரியாக்கள் இதைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. அமிலம் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. ஓடைக் கல்லில் படியும் ஆரஞ்சு மஞ்சள் பூச்சு அதன் அடையாளம்.

கவனிக்க வேண்டியது வரிசை. பாறையில் சுண்ணாம்புத் தன்மை இருக்கும்வரை அது அமிலத்தை முறித்துக்கொண்டே இருக்கும், பிஎச் (அமிலம் கூடக்கூடக் குறையும் எண்) அதிகம் மாறாது. ஆனால் சல்பேட்டும், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனும் முன்பே ஏறத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தீர்ந்த பிறகு பிஎச் சடாரென்று விழும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். பிஎச் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவுக்குச் செய்தி கடைசியில்தான் வரும்.

ஆற்றில் மாதிரி எடுப்பது

குறைந்தது 12 மாதம், முடிந்தால் இரண்டு ஆண்டு, மாதம் ஒரு முறை. குறைந்தது ஐந்து இடங்கள் வேண்டும். குத்தகைக்கு மேலே, சுரங்கம் தொட முடியாத இடத்தில் ஒன்று. இது ஒப்பீட்டுப் புள்ளி, இதை விட்டால் மற்றவை வீண். குத்தகைப் பகுதியிலிருந்து இறங்கும் ஓடை ஒவ்வொன்றும் ஆற்றில் சேர்வதற்குச் சற்று மேலே ஒன்று. ஓடை நீர் ஆற்றோடு முழுக்கக் கலந்த பிறகு, சங்கமத்துக்குக் கீழே ஒன்று. மிக அருகில் எடுத்தால் ஒரு கரையில் ஓடை நீரும் மறு கரையில் ஆற்று நீரும் தனித்தனியாக ஓடும். இரு கரையிலும் மின்கடத்துத்திறன் ஒன்றாக வரும் இடத்தைப் பார்த்துப் புள்ளி வையுங்கள். பிறகு குடிநீர் எடுக்கும் இடம், அதற்குக் கீழே ஒன்று.

மாத வரிசைக்கு வெளியே ஒரு நாள் உண்டு: புதுவெள்ளம் வரும் நாள். வறண்ட மாதங்களில் பாறை மேல் பூத்த உப்புகளை முதல் மழை கழுவிக்கொண்டு வரும். ஆண்டின் மிக மோசமான எண் பெரும்பாலும் அன்றைக்குத்தான் கிடைக்கும். நிறுவனத்தின் ஆலோசகர் அன்று வரமாட்டார், ஆற்றோரம் இருப்பவரால்தான் அதைப் பிடிக்க முடியும். வெள்ளத்தில் இறங்க வேண்டாம், கம்பில் கட்டிய பாட்டிலைக் கரையிலிருந்து நீட்டி எடுங்கள்.

களத்திலேயே அளக்க வேண்டியவை வெப்பநிலை, பிஎச், மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல். பிஎச் மீட்டரைக் கிளம்பும் அன்று காலையில் 7, 4, 10 கரைசல்களில் சரிபார்த்து, காட்டிய எண்ணை நோட்டில் எழுதுங்கள். மின்கடத்துத்திறனுக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசல். மீட்டரின் கண்ணாடி முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடுவது பலர் செய்யும் தவறு, முனை மெல்லச் செத்துவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். சரிபார்த்த பதிவு இல்லாத எண்ணை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிடும்.

ஆய்வகத்துக்கு அனுப்புபவை: உலோகங்கள் (மொத்தமும் கரைந்ததும் தனித்தனியாக), சல்பேட், காரத்தன்மை, கடினத்தன்மை, மிதக்கும் திண்மம், நைட்ரேட். பாறை உடைக்கும் வெடிமருந்து பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட், அதன் மிச்சம் தண்ணீரில் வரும் என்பதால் நைட்ரேட்டும் பட்டியலில் இருக்கிறது. தங்கச் சுரங்கமானால் சயனைடும் பாதரசமும் சேருங்கள்.

பாட்டில்களை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குவது நல்லது, அமிலத்தில் கழுவியவை தருவார்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, உங்கள் கால் கலக்கிய நீர் பின்னால் போகும்படி, ஓட்டத்தின் நடுவில் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுங்கள். பாட்டிலுக்குள் மாதிரியைக் கெடாமல் காக்கும் மருந்து (அமிலம் போன்றது) எதுவும் போடாமல் கொடுத்திருந்தால் அதே ஆற்று நீரில் மூன்று முறை அலசுங்கள். மருந்து போட்டிருந்தால் அலசவே கூடாது. கரைந்த உலோகத்துக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, அதன் பிறகு நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். முதலில் அமிலம் விட்டுப் பிறகு வடிகட்டினால், மிதந்த மண்ணில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து எண் ஏறிவிடும். நமக்குச் சாதகமாகத் தெரியும் எண்தான், ஆனால் பொய் எண். அது வெளிப்படும் நாளில் மற்ற நல்ல எண்களும் சேர்ந்து போகும்.

அமிலம் விட்ட மாதிரி, பாதரசம் நீங்கலாக, ஆறு மாதம் தாங்கும். பாதரசத்துக்கு 28 நாள். நைட்ரேட்டுக்கு 48 மணி நேரம்தான், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாகவும், ஒன்று காய்ச்சி வடித்த நீரை நிரப்பிய வெற்று மாதிரியாகவும் போகட்டும். வெற்று மாதிரியில் துத்தநாகம் வந்தால் கையுறையிலோ பாட்டிலிலோ கோளாறு என்று பொருள். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தார், யார் பெற்றுக்கொண்டார் என்ற கைமாற்றுச் சீட்டு ஒவ்வொரு பெட்டியோடும் போய் கையெழுத்தோடு திரும்ப வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் இடங்களைக் குறைக்காதீர்கள். மாதந்தோறும் களமானிகளால் எல்லா இடத்திலும் அளந்து, ஆய்வகச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் புதுவெள்ளத்தன்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கண்டறியும் வரம்பு என்ன? குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2000 மைக்ரோகிராம். ஆனால் கடினத்தன்மை குறைந்த ஆற்றில் சில மைக்ரோகிராம் கரைந்த செம்பே மீன் குஞ்சுகளைப் பாதிக்கும். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காண முடியாத கருவியில் சோதித்து 'செம்பு இல்லை' என்று அறிக்கை வந்தால் அதனால் பயனில்லை. உலோகங்களுக்கு, மிகக் குறைந்த அளவையும் காணும் ஐசிபி-எம்எஸ் கருவி உள்ள ஆய்வகமாகத் தேடுங்கள். 'குடிநீர்த் தரத்துக்குள் இருக்கிறது' என்ற வாக்கியம் ஆற்று உயிருக்குப் பொருந்தாது என்பதை அறிக்கை படிக்கும்போதும் மறக்க வேண்டாம்.

ஓட்டத்தை அளக்காவிட்டால் பாதி வேலை

செறிவு மட்டும் போதாது. ஆற்றில் நீர் பாதியாகக் குறைந்தால் அதே அளவு கழிவு இரண்டு மடங்கு செறிவாகத் தெரியும். ஆறு நேராக ஓடும் 20 மீட்டரை அளந்து இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே ஐந்தாறு இடத்தில் ஆழம் பாருங்கள். பாதி மூழ்கி மிதக்கும் ஆரஞ்சுப் பழம் ஒன்றை விட்டு நேரம் எடுங்கள், ஐந்து முறை. மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் வேகத்தை 0.85ஆல் பெருக்க வேண்டும். அகலம் 8 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர், 20 மீட்டர் கடக்க 40 விநாடி என்றால்: 3.2 சதுர மீட்டர், விநாடிக்கு 0.5 மீட்டர், 0.85 சேர்த்து விநாடிக்கு 1.36 கன மீட்டர். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் துத்தநாகம் இருந்தால் ஆறு ஒரு நாளில் சுமப்பது சுமார் 1.2 கிலோ. மேலேயும் கீழேயும் இந்தக் கிலோக் கணக்கு இருந்தால், இடையில் எவ்வளவு சேர்ந்தது என்பதை மழையின் மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது.

கிணறுகளுக்கு இதைவிட எளிய வேலை. குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் இரவும் பகலும் நீரை இறைத்தாக வேண்டும், சுற்றுக் கிணறுகள் வற்றும். விளிம்பில் பெயின்டால் ஒரு குறி வைத்து, மோட்டார் போடுவதற்கு முன் காலையில், எப்போதும் அதே குறியிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து மாதம் ஒருமுறை எழுதுங்கள். கிணற்றின் ஆழம், வெட்டிய ஆண்டு, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதும் இருக்கட்டும்.

ஓடைக் கல்லைப் புரட்டினால் ஒட்டியிருக்கும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை இளம்பூச்சிகளையும் பருவத்துக்கு ஒருமுறை எண்ணிப் படம் எடுங்கள். அரை மில்லிமீட்டர் கண் உள்ள வலையைப் பிடித்து, நீர் வரும் பக்கம் வலைக்கு முன்னால் உள்ள கல்லைக் காலால் கலக்கினால் வந்து விழும். பாட்டில் ஒரு நிமிடத்தைக் காட்டும், இந்தப் பூச்சிகள் கடந்த பல வாரங்களைக் காட்டும். மேஃப்ளைகளில் பல, உலோகம் கூடினால் முதலில் மறைபவை.

அறிக்கையைக் கிழித்துப் படிப்பது

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கங்களில் வரலாம், கருத்துச் சொல்ல விடும் நாளோ குறைவு. சுருக்கத்தைப் படித்து நேரம் போக்காதீர்கள். பின்னிணைப்புகளை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்: நீர்ச் சமநிலை, பாறை வேதியியல், சேற்று அணை, நிலத்தடி நீர், மூடும் திட்டம்.

பாறை வேதியியலில் அமிலக் கணக்கு அட்டவணை இருக்கும். கந்தகச் சதவீதத்தை 31.25ஆல் பெருக்கினால் ஒரு டன் பாறையின் அமிலத்தை முறிக்க எத்தனை கிலோ சுண்ணாம்புக்கல் (கால்சியம் கார்பனேட்) வேண்டும் என்பது வரும். பாறையின் சொந்த முறிக்கும் திறனை இதனால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே என்றால் பாறை புளிக்கும், இரண்டுக்கு மேலே என்றால் பொதுவாகப் பாதுகாப்பு, இடைப்பட்டது சந்தேகம். 2 சதவீதக் கந்தகமும் 50 கிலோ முறிக்கும் திறனும் இருந்தால் 50ஐ 62.5ஆல் வகுக்க 0.8. ஏமாற்றம் நடக்கும் இடம் சராசரி. நூறு மாதிரியின் சராசரி 2.5 என்று எழுதியிருப்பார்கள். குவியலில் பாறைகள் சராசரியாகக் கலப்பதில்லை, புளிக்கும் மூலை தன் போக்கில் கசியும். ஒவ்வொரு மாதிரியின் எண்ணையும், எத்தனை மில்லியன் டன்னுக்கு எத்தனை மாதிரி என்பதையும் கேளுங்கள். ஈரப்பதக் கலச் சோதனை (உடைத்த பாறையை ஈரக்காற்றில் வைத்து, வாரந்தோறும் கழுவி, அமிலம் வருகிறதா என்று பார்ப்பது) எத்தனை வாரம் ஓடியது என்றும் பாருங்கள். 20 வாரத்தில் நிறுத்திவிட்டு 'அமிலம் வரவில்லை' என்றால், சுண்ணாம்பு இன்னும் தீரவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருளாக இருக்கலாம்.

சேற்று அணையில் முதல் கேள்வி, எந்த முறையில் உயர்த்துகிறார்கள். முன்பு கொட்டிய சேற்றின் மேலேயே அடுத்த கரையை எழுப்பும் முறை மலிவு, ஆபத்தும் அதிகம். பிரேசிலில் 2015 நவம்பர் 5இல் உடைந்த ஃபுண்டாவோ அணையும், 2019 ஜனவரி 25இல் புருமாடிஞ்ஞோவில் உடைந்து 270 பேரைக் கொன்ற அணையும் அந்த வகை. ஃபுண்டாவோ சேறு தோசே ஆற்றின் வழியே கடல் வரை போனது. 2014 ஆகஸ்டில் கனடாவின் மவுண்ட் பாலி அணை உடைந்ததற்கு அடியில் இருந்த பலவீனமான களிமண் அடுக்கைச் சரியாக ஆராயாததே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் சயனைடு நீர் கரையைத் தாண்டி டிசா ஆற்றில் இறங்கியபோது கனமழையும் உருகிய பனியும் தேக்கத்தை நிரப்பியிருந்தன. ஆகவே கேட்க வேண்டியவை: அடித்தளத்தில் எத்தனை துளை இட்டார்கள்? எந்த அளவு வெள்ளத்துக்குக் கட்டுகிறார்கள்? அணை உடைந்தால் சேறு எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் வரும்? கடைசிக் கேள்விக்கு வரைபடமே வேண்டும். 2020இல் வந்த உலகளாவிய டெய்லிங்ஸ் மேலாண்மைத் தரநிலை உடைப்பு ஆய்வைக் கேட்கிறது, நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மழைத் தரவு எங்கிருந்து எடுத்தது என்று பாருங்கள். மலை மேல் சுரங்கத்துக்குச் சமவெளி நிலையத்தின் மழையைப் போட்டால் தேக்கத்தின் கணக்கு முழுவதும் குறைவாகவே வரும். அடிநிலை ஒரே பருவத்தில் எடுத்ததா என்று பாருங்கள். ஊரில் இல்லாத மரமோ மீனோ பட்டியலில் இருந்தால் வேறொரு அறிக்கையிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். மூடும் திட்டத்தில் நீரைச் சுத்திகரிக்க எத்தனை ஆண்டு, அந்தப் பணம் முன்கூட்டியே வைப்பாக இருக்கிறதா, நிறுவனம் திவாலானாலும் கிடைக்குமா என்று தேடுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். பத்துப் பேர் 'ஆறு எங்கள் தாய்' என்று சொன்னால் குறிப்பில் ஒரே வரியாகப் போகும். ஒருவருக்கு ஒரு கேள்வி: 'இந்தத் தொகுதி, இந்தப் பக்கம், இந்த அட்டவணை. எங்கள் அளவீடு இது. வித்தியாசம் ஏன்?' மீனவர் மீன் முட்டையிடும் மடுவைப் பற்றியும், உழவர் பாசன நாட்களைப் பற்றியும் பேசட்டும், அது ஆலோசகருக்குத் தெரியாத விஷயம். பேசியதையே எழுத்தாகவும் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வாங்குங்கள். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுங்கள். ஒரே வாசகத்தில் அச்சடித்த ஆயிரம் மனுவைப் பல இடங்களில் ஒரே மனுவாக எண்ணிவிடுவார்கள், சொந்தக் கையெழுத்தில் வெவ்வேறு காரணம் எழுதிய ஐம்பது அதைவிட மேல்.

வருகைப் பதிவேட்டில் எச்சரிக்கை. சாப்பாட்டுக்கும் பயணப்படிக்கும் போட்ட கையெழுத்து பின்னால் 'ஊர் கலந்தாலோசிக்கப்பட்டது' என்ற பின்னிணைப்பாக வந்து நிற்கும். ஒவ்வொரு தாளின் மேலும் 'வருகை மட்டும், சம்மதம் அல்ல' என்று எழுதிவிட்டே கையெழுத்திடுங்கள், தாளைப் படம் எடுங்கள்.

ஊரே முறைப்படி வாக்களித்த முன்னுதாரணங்கள் உண்டு. பெருவின் தம்போகிராண்டேயில் 2002 ஜூனிலும் அர்ஜென்டினாவின் எஸ்கெலில் 2003 மார்ச்சிலும் நடந்த வாக்கெடுப்புகளில் மக்கள் சுரங்கத்தை நிராகரித்தார்கள், எஸ்கெலில் 81 சதவீதம். ஒடிசாவின் நியமகிரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2013இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. வாக்காளர் பட்டியல், வெளியார் பார்வையாளர், எண்ணிக்கைச் சீட்டு இல்லாமல் நடத்தினால் அதே வாக்கெடுப்பு எதிர்த்தரப்பின் ஆயுதமாகிவிடும்.

குழுவுக்குள்

வரவு செலவை மாதந்தோறும் ஊரில் ஒட்டுங்கள். கூட்டம் உடைவது பெரும்பாலும் பணச் சந்தேகத்தில். நிலம் கேட்டு வீடு வீடாக வருவார்கள். எதிலும் தனியாகக் கையெழுத்திடாமல் தாளைக் குழுவிடம் காட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்து கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். வேலை எதிர்பார்த்து ஆதரிப்பவர்களைத் துரோகி என்று அழைத்தால் அவர்கள் நிரந்தரமாக அந்தப் பக்கம் போய்விடுவார்கள். எத்தனை வேலை, எத்தனை ஆண்டு, எந்தத் தகுதிக்கு என்ற கேள்வியை அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

பொது இடத்தில் எழுதுவதில் நிதானம் வேண்டும். 'நிறுவனம் ஆற்றை விஷமாக்கியது' என்பது சுரங்கமே தொடங்காத நிலையில் வழக்குக்கு அழைப்பு. 'அறிக்கையின் இந்த அட்டவணைப்படி இந்தப் பாறை அமிலம் தரும்' என்பது அப்படியல்ல. மூல நோட்டுகளையும் ஆய்வக அறிக்கைகளையும் மூன்று வெவ்வேறு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று ஊருக்கு வெளியே.

அனுமதி கொடுத்துவிட்டாலும் மேல்முறையீட்டுக்கான நாள் அன்றே ஓடத் தொடங்கும், உத்தரவு வந்த தேதியை உறையோடு பாதுகாத்து வழக்கறிஞரிடம் அதே வாரம் கொடுங்கள். நிபந்தனைகளைத் தனித்தனி வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில் பார்ப்பார் என்று எழுதுங்கள். மாதிரி எடுப்பதை மட்டும் ஒரு மாதமும் விட வேண்டாம். அதே இடம், அதே பாட்டில், அதே ஆய்வகம், முன்பு எடுத்த அதே மாத வரிசை. ஆய்வகத்தை மாற்றியே தீர வேண்டுமென்றால் இரண்டு மாதம் இரண்டிலும் ஒரே மாதிரியைக் கொடுத்து எண்களை ஒப்பிட்ட பிறகு மாற்றுங்கள்.